மொய் நோட்டில் ஏறாத உதவி

நம் ஆரணியில் கல்யாணத்துக்குப் பட்டு நெய்கிறோம். கல்யாணத்துக்குப் போனால் மொய்யும் எழுதுகிறோம். எழுதியவர் வீட்டு விசேஷத்தில் நாம் திருப்பிச் செய்தாக வேண்டும். இது தவறில்லை, வட்டியில்லாமல் எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றிய வழக்கம்தான். ஆனால் லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் இயேசு வேறு விருந்தைச் சொல்கிறார். அதுவும், தம்மை உணவுக்கு அழைத்த பரிசேயரிடமே! திருப்பி அழைக்கக்கூடிய உறவினரையும் செல்வரையும் அல்ல, கைம்மாறு செய்ய வழியற்ற ஏழைகளையும் பார்வையற்றோரையும் கூப்பிடச் சொல்கிறார். கைம்மாறு உயிர்த்தெழுதலின்போது கிடைக்கும் என்கிறார்.

மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறி வேலை நின்றுபோன வீட்டுக்கு அரிசி கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஞாயிறு திருப்பலியில் அவர்கள் நம்மைப் பார்த்தும் பேசாமல் போனால் மனம் சுருங்குகிறதா? அப்படியானால் நன்றியை மொய்யாக எதிர்பார்த்திருக்கிறோம். பாவம், அவர்களுக்குப் பேச வெட்கமாகவும் இருந்திருக்கலாம்.