பணம் வந்த ஊரா, வேலை செய்த ஊரா?

நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் கூலாயிலும் குளுவாங்கிலும் வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை செய்து, சிங்கப்பூர் நிறுவனங்களிடம் பணம் பெறுகிறார்கள். "வெளிநாட்டுப் பணத்துக்கு இங்கே வரி ஏது?" என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

விடை நம் பால்மரத்திலேயே இருக்கிறது. நாம் வெட்டிய பாலை எந்த நாட்டார் வாங்கினாலும் அது ஜொகூர் விளைச்சல்தானே? வருமானமும் அவ்வாறே. பணம் புறப்பட்ட இடத்தைவிட, வேலை நடந்த இடமே முக்கியம். மலேசியாவில் இருந்துகொண்டு செய்த தொழிலின் வருமானத்துக்கு, 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி இங்கேதான் கணக்குக் காட்ட வேண்டும். பாலத்தைக் கடந்து உட்லண்ட்ஸ் சென்று சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கோ, அந்தச் சம்பளத்தின் மேல் சிங்கப்பூரின் வரி விதிகள் பொருந்தும்.

சொந்தத் தொழில் செய்பவர் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் பதிந்துகொண்டு, முந்திய ஆண்டின் கணக்கை 'பி' பாரத்தில் எழுதி ஜூன் 30க்குள் அனுப்ப வேண்டும். பாரம் அனுப்பினாலே வரி உண்டு என்று அஞ்ச வேண்டாம். தொழிலுக்கான இணையக் கட்டணம் முதலிய செலவுகளும் சலுகைகளும் கழிந்தபின் மிஞ்சுவதில் முதல் 5,000 வெள்ளிக்கு வரியே இல்லை. ரசீதுகளை மட்டும் 7 ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள். ஒரு பழைய பிஸ்கட் டின் போதும்.

கணக்கை மறைத்தால் பின்னாளில் அபராதம் சேரும். ஒழுங்காகக் காட்டினாலோ, தோட்ட வீட்டை விட்டுச் சொந்த வீடு வாங்க வங்கிக் கடன் கேட்கும் நாளில், அந்தப் பாரமே நம் பிள்ளையின் வருமானத்துக்குச் சான்றாக நிற்கும்.