விளிம்பில் இருக்கும் பெயர்

கேரளத்தின் கழக்கூட்டம் என்றதும் இன்றைய இளைஞர்களுக்கு டெக்னோபார்க்கும் நீளமான மேம்பாலமும்தான் ஞாபகத்துக்கு வரும். பழைய ஆட்களுக்கு அது சைனிக் பள்ளி இருக்கும் ஊர். 1962-ல் தொடங்கிய பள்ளி அது. நாகாலாந்தில் 1993-ல் உயிர்விட்ட கர்னல் என்.ஜே. நாயரும், காஷ்மீரில் 2007-ல் உயிர்விட்ட கேப்டன் ஹர்ஷனும் அங்கே படித்தவர்கள். இருவருக்குமே அசோக சக்கரம். ஊருக்கு வடக்கே பள்ளிப்புரத்தில் சி.ஆர்.பி.எஃப். முகாம், தெற்கே ஆக்குளத்தில் விமானப்படையின் தென்பிராந்தியத் தலைமையகம், இன்னும் கொஞ்சம் போனால் பாங்கோடு ராணுவ முகாம். இந்த வட்டாரத்தில் ஓய்வுபெற்ற சுபேதார், ஹவில்தார் வீடு இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்த வீடுகளில் மெடல் எங்கே இருக்கும்? கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் பீரோவின் உள் லாக்கரில், மனைவியின் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில், பென்ஷன் காகிதங்களோடு இருக்கும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, ரெஜிமென்ட் நாள் என்றால் வெளியே வரும். இப்படிப்பட்ட வீட்டில் புகும் திருடன் என்னவோ தங்கத்துக்காகத்தான் வருகிறான். இருட்டில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க அவனுக்கு நேரமில்லை, லாக்கரில் இருப்பதை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறான். மகன் வளைகுடாவிலும் மகள் அமெரிக்காவிலும் இருக்க, பேரனைப் பார்க்கப் போனவர்களின் வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடப்பது கேரளத்தில் சர்வசாதாரணம். அதற்காகவே கேரளக் காவல்துறை தன் ‘போல் ஆப்’ செயலியில், வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் முன்கூட்டியே தகவல் சொல்ல வசதி வைத்திருக்கிறது. பயன்படுத்துகிறவர்களுக்குப் பயன்படும்.

திருடிய மெடலை வைத்து அவன் என்ன செய்வான்? 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். அதோடு சங்கிராம் மெடல், சைன்ய சேவா, நீண்டகாலப் பணிக்கான மெடல் என்று நெஞ்சில் ஒரு வரிசையே தொங்கும். பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் பெரும்பாலானவை செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். எடைக்குப் போட்டால் டீக்காசு தேறாது. பரம்வீர் சக்கரமே வெண்கலம்தான். விஷயம் தெரியாத திருடன் அதைக் குப்பையிலோ கிணற்றிலோ வீசிவிடுவான். போலீஸ் நகையை மீட்ட பிறகும் மெடல் வராமலே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய பிரிட்டிஷ் மெடல்களின் கதை வேறு. முதல் உலகப்போருக்குக் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடல் நல்ல வெள்ளி. 1980 வாக்கில் வெள்ளி விலை உச்சிக்கு ஏறியபோது உலகெங்கும் அவை உருக்குச்சட்டிக்குப் போயின. மூட்டை தூக்கிய, பாதை வெட்டிய இந்திய லேபர் கோர் ஆட்களுக்கு அதே மெடலை வெண்கலத்தில் கொடுத்தார்கள். அன்றைக்கு அது அவமானம். உருக்குச்சட்டிக்குத் தப்பியதற்கும் அதுவே காரணமாகியிருக்கலாம்.

மெடலுக்கு உண்மையான விலை உலோகத்தில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. ஒரு மெடலைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றினால், நாணயத்தின் தடிமன் அளவே உள்ள அந்த ஓரத்தில் பொடி எழுத்துகளில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் ஓடும். இரண்டாம் உலகப்போர் மெடல்களைப் பிரிட்டன் தன் சொந்தச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியச் சிப்பாய்களுக்கோ பெயர் பொறித்துத் தரப்பட்டது. வெள்ளைக்காரர் ஆட்சியில் நம் ஆள் ஒருபடி மேலே நின்ற அபூர்வமான இடம் இது. பெயர் தெரிந்தால் அந்த ஆள் எங்கே போரிட்டார், என்ன செய்தார் என்று தேடிக் கண்டுபிடிக்கலாம். சேகரிப்பாளர்கள் பணம் கொட்டுவது அதற்குத்தான். விலையை ஏற்றும் அந்தப் பெயர்தான் திருட்டையும் காட்டிக்கொடுக்கிறது.

நாயக் கிர்பா ராமின் ஜார்ஜ் கிராஸ் அப்படித்தான் அகப்பட்டது. 13-வது ஃப்ரன்டியர் ஃபோர்ஸ் ரைஃபிள்ஸைச் சேர்ந்தவர், ஊர் இமாச்சலத்தின் பிலாஸ்பூர் பக்கம். உயிர்விட்டதோ நம் தெற்கில், பெங்களூரை அடுத்த தொண்டேபாவியில். 1945 செப்டம்பர் 12. உலகப்போர் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ரைஃபிள் கிரனேடு சுடும் பயிற்சியில் ஒரு சிப்பாய் சுட்ட குண்டு தூரம் போகாமல் சில கஜத்திலேயே விழுந்தது. கிர்பா ராம் எல்லோரையும் பதுங்கச் சொல்லிக் கத்திக்கொண்டே முன்னால் ஓடினார். குண்டை எடுத்து அப்பால் எறிவதற்குள் அது வெடித்தது. கூட இருந்தவர்கள் லேசான காயத்தோடு பிழைத்தார்கள். 1946 மார்ச்சில் ஜார்ஜ் கிராஸ் அறிவிக்கப்பட்டது. எதிரி முகத்துக்கு நேரே அல்லாத இடத்தில் காட்டும் துணிச்சலுக்கு பிரிட்டன் தரும் விருதுகளில் அதற்கு மேல் ஒன்று கிடையாது.

அவர் மனைவிக்கு அப்போது சிறுமி வயது. மறுமணம் செய்யாமல், அந்த மெடலை வைத்துக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். 2002-ல் வீட்டிலிருந்து அது திருடு போனது. ஏழு வருடம் எந்தச் சேதியும் இல்லை. 2009-ல் லண்டன் ஏலக் கம்பெனி ஒன்றின் பட்டியலில் கிர்பா ராமின் ஜார்ஜ் கிராஸ் விற்பனைக்கு என்று வந்தது. இந்தியத் தரப்பு குறுக்கிட, ஏலம் நின்றது. நின்றதும் கையில் கொடுத்துவிட்டார்களா என்றால், இல்லை. லண்டன் போலீஸ், தூதரகம், வக்கீல்கள் என்று இழுத்தடித்து, திருடு போய்ப் பத்தாண்டுக்கு மேல் கழிந்த பிறகே அந்த மூதாட்டியிடம் அது திரும்பி வந்தது.

இந்த இழுபறியைப் புரிந்துகொள்ள இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு விஷயம் தெரிய வேண்டும். திருடனுக்கு எத்தனை காலமானாலும் பொருள் சொந்தமாகாது. ஆனால் திருட்டுப் பொருள் என்று தெரியாமல் நல்லெண்ணத்தோடு ஒருவர் வாங்கிவிட்டால், அன்றிலிருந்து ஆறு வருடத்தில் பழைய உரிமையாளரின் பாத்தியதை காலாவதியாகிவிடும். பட்டியலைப் பார்த்தவுடன் பாய வேண்டும் என்பது அதனால்தான். நம் ஊரில் வேறு சிக்கல். வறுமையில் மெடலை விற்ற குடும்பங்கள் நிறைய. அதனால் ‘திருட்டு’ என்று ஒருவர் சொன்னால் ‘விற்றது’ என்று மற்றவர் சொல்ல எப்போதும் இடமிருக்கிறது. அதைத் தீர்த்துவைப்பது அன்றைக்கே போட்ட எஃப்.ஐ.ஆர். ஒன்றுதான். அதிலும் ‘மெடல்கள் சில’ என்று எழுதிவிட்டு வந்தால் பிரயோஜனமில்லை. மெடலின் பெயர், விளிம்பில் உள்ள எண், பதவி, எல்லாம் வர வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மெடல் விவரம் இருக்கும். அதன் நகலைக் கூடவே கொடுத்துவிடலாம்.

அருங்காட்சியகத்தில் வைத்தால் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு நியூசிலாந்தைக் காட்டலாம். 2007 டிசம்பர் 2-ம் தேதி, வயோரு ராணுவ அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிகளை உடைத்து 96 மெடல்களை அள்ளிப் போனார்கள். அதில் விக்டோரியா கிராஸ் மட்டும் ஒன்பது. அந்த விருதை இரண்டுமுறை வாங்கிய சார்லஸ் அப்பமுடையதும் சேர்த்தி. நாடே கொதித்தது. மூன்று லட்சம் நியூசிலாந்து டாலர் வெகுமதி அறிவிக்கப்பட்டது. வக்கீல் ஒருவர் மூலம் பேரம் நடந்து, 2008 பிப்ரவரியில் எல்லாம் திரும்பி வந்தன. அவ்வளவு பிரபலமான பொருளை வெளியே விற்க முடியாது என்பதால் திரும்பி வந்தது. வெகுமதி இல்லாமல் வந்திருக்குமா என்பது சந்தேகம். பின்னால் இருவர் சிறைக்குப் போனார்கள்.

சாதாரண ஹவில்தாரின் சங்கிராம் மெடலுக்கு யாரும் வெகுமதி அறிவிக்க மாட்டார்கள். அதை மீட்பது உள்ளூர் ஸ்டேஷன்தான். மீட்டவுடன் ஸ்டேஷனில் போட்டோ எடுத்து, பேப்பரில் செய்தி வரும். மெடல் மட்டும் உடனே வீட்டுக்கு வராது. அது இப்போது வழக்குச் சொத்து. கேரளத்தில் தொண்டிமுதல் என்பார்கள். விசாரணை முடியும்வரை கோர்ட்டு அறையில் கிடக்கும் என்றே பலரும் நினைத்து விட்டுவிடுகிறார்கள். அப்படிக் கிடக்க வேண்டியதில்லை. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம், இத்தகைய பொருள்களைப் படம் எடுத்து, விவரம் எழுதி, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் சீக்கிரம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497-வது பிரிவில் இதற்கு நாள் கணக்கே இருக்கிறது: பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் விவரப் பட்டியல், அதற்குப் பின் 30 நாளுக்குள் என்ன செய்வது என்ற உத்தரவு. எழுபது, எண்பது வயதுக்காரர் விஷயத்தில் இந்த நாள் கணக்கு முக்கியம். மனு போட்டால்தான் வேலை நடக்கும் என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். மெடல் கிடைக்காமலே போனவர்கள், எஃப்.ஐ.ஆர். நகலோடு தங்கள் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதி மாற்று மெடல் கேட்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள்.

சரி, திரும்பி வந்த மெடலை எங்கே வைப்பது? பேங்க் லாக்கர் என்பார்கள். ஆனால் மெடலை எடுத்து நெஞ்சில் குத்த வேண்டிய ஜனவரி 26-ம், ஆகஸ்ட் 15-ம் பேங்க் விடுமுறை நாள்கள். முந்தின நாளே எடுத்து வந்து, மறுநாள் திரும்பக் கொண்டுபோய் வைக்கப் பெரியவர்களுக்கு முடிவதில்லை. அதனால் கன்டோன்மென்ட் கடைகளில் கிடைக்கும் காப்பி மெடலை விழாவுக்குக் குத்திக்கொண்டு, அசலை லாக்கரிலேயே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. காப்பியின் விளிம்பு வெறுமையாக இருக்கும். எது எது என்பதை மனைவியோ மகளோ ஒருமுறை விளிம்பைத் தடவிப் பார்த்துத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.