கழலைக்குக் கடற்பாசி

நான்காம் நூற்றாண்டுச் சீன வைத்தியர் கே ஹொங், அவசரத்துக்கு உதவும் எளிய மருந்துகளைத் தொகுத்து வைத்தார். கழுத்தில் திடீரெனப் பைபோலத் தோன்றி வளரும் வீக்கத்துக்கும் அதில் மருந்து உண்டு. கடற்பாசியை உப்புப் போகக் கழுவி, பட்டுப் பையில் கட்டி, மதுவில் ஊறவைக்க வேண்டும். வசந்தத்திலும் கோடையிலும் இரண்டு நாள் போதும். தினம் மூன்று வேளை, அந்த மதுவை வாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க வேண்டும். மது தீர்ந்ததும் சக்கையைக்கூட எறியக் கூடாது. காயவைத்து, பொடித்துச் சாப்பிட வேண்டும்.

சீன மருந்துக் கடையில் இன்றும் இரண்டு பழுப்புக் கடற்பாசிகள் கிடைக்கின்றன. ‘ஹைட்சாவ்’ சர்காசம் இனம். கிளைகளில் காற்றடைத்த சிறு குமிழ்கள் இருக்கும். ‘குன்பு’ பெரும்பாலும் கெல்ப். நாடாபோல் அகன்ற இதன் காய்ந்த பட்டைமேல் வெண்பொடி பூத்திருக்கும். பூஞ்சணமோ என்று பயப்பட வேண்டாம், பெரும்பகுதி மானிட்டால் என்ற இனிப்புப் பொருள்தான். உப்புச்சுவை இறுகியதை இளக்கும், குளிர்ச்சி சளித்தேக்கத்தைக் கரைக்கும் என்பது சீன மருத்துவத்தின் விளக்கம். கழலை, கழுத்துக் கட்டிகள், நீர்வீக்கம் ஆகியவற்றுக்கு இவற்றைக் கொடுப்பார்கள்.

விளக்கம் எப்படியிருந்தாலும், கழலை விஷயத்தில் மருந்து சரியானதே. மலைநாடுகளில் மழை மண்ணின் அயோடினை அரித்துப் போய்விடுகிறது. கிடைக்கும் கொஞ்சத்தையும் பிடித்துக்கொள்ளக் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி வீங்குகிறது; அதுதான் கழலை. கடற்பாசியோ கடல்நீரின் அயோடினைப் பல மடங்கு சேர்த்து வைப்பது. 1811இல் பிரான்ஸில் பெர்னார் கூர்த்துவா அயோடினைக் கண்டுபிடித்ததே கடற்பாசிச் சாம்பலில்தான். 1820இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதைக் கழலைக்குக் கொடுத்தார்.

ஒரு வேடிக்கை: அதிமதுரத்தோடு ஹைட்சாவைச் சேர்க்கக் கூடாது என்பது சீன மருத்துவத்தின் பழைய விதி. ஆனால் 1617இல் வெளிவந்த சென் ஷிகுங்கின் அறுவை மருத்துவ நூல் சொல்லும் புகழ்பெற்ற கழலைக் கஷாயத்தில் இரண்டும் சேர்ந்தே கொதிக்கின்றன. சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அளவு. பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். காய்ந்த கெல்ப் ஒரு கிராமிலேயே 1,000 மைக்ரோகிராமைத் தாண்டலாம். சீன மருந்துநூல் சொல்லும் அளவோ 6 முதல் 12 கிராம். கஷாயத்தில் எவ்வளவு இறங்கும் என்பது இனத்தையும் விளைந்த கடலையும் பொறுத்தது. மிகுந்தால் அதே அயோடின் தைராய்டைக் குலைக்கும், கழலையையே உண்டாக்கவும் செய்யும். எல்லாக் கழலையும் அயோடின் குறைவால் வருவதும் இல்லை. இன்னொரு கவலையும் உண்டு: ஹைட்சாவாக விற்கும் இனங்களில் ஒன்று ஜப்பானியச் சமையலின் ஹிஜிகி. அதிலுள்ள ஆர்சனிக்கைக் காட்டி, அதைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டன் உணவுத் தர முகமை 2004இல் அறிவுறுத்தியது.