புத்தொழில் மாநாடுகளும் நமது கிராமங்களும்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 9, 10 தேதிகளில் கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்தில் தமிழ்நாடு உலகப் புத்தொழில் மாநாடு நடைபெற்றது. அதற்கு முன்னர், 2023 மார்ச் 23 முதல் 25 வரை, சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ‘யுமாஜின்’ என்னும் தகவல் தொழில்நுட்ப மாநாட்டை அரசு கூட்டியது. இச்செய்திகளைப் பத்திரிகைகளில் வாசித்த ஊராட்சி அன்பர்கள், “இதனால் வேடசந்தூர் மானாவாரிக் காட்டுக்கு என்ன பயன்?” என்று வினவுவதுண்டு. நியாயமான வினாவே. ஆயினும், அம்மாநாடுகளில் நடப்பது இன்னதென்று அறிந்தாலன்றி அதற்கு விடை கூற இயலாது.

புத்தொழில் நிறுவனம் என்பது சிறு தொழிற்சாலைக்கு இடப்பட்ட புதுப்பெயர் அன்று. நெல் அரைவை ஆலை தொடங்குபவர், சுற்றுப்புறத்தில் எத்தனை மூட்டை வரும், கூலி என்ன கிடைக்கும் என்பதை ஓரளவு கணக்கிட்டே தொடங்குகிறார். புத்தொழில் முனைவோருக்கு அந்த வசதி இல்லை. அவர் செய்யும் பொருள் இதற்கு முன் சந்தையில் இருந்ததில்லை; அதை வாங்குவோர் உண்டா என்பதும் தெரியாது. ஈடு காட்ட நிலமோ கட்டடமோ இல்லாத அவருக்கு வங்கி கடன் கொடுக்கத் தயங்குவது இயல்பே. எனவே அவர் முதல் போடுவோரைத் தேட வேண்டும், முதல் வாடிக்கையாளரையும் தேட வேண்டும். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் நம் உழவரும் கேரள வியாபாரியும் ஒரே இடத்தில் சந்திப்பதுபோல, இவர்கள் அனைவரும் சந்திப்பதற்கு அமைக்கப்பட்ட சந்தையே மாநாடு. மேடைப் பேச்சுகளைக் காட்டிலும் அரங்குகளில் நடக்கும் உரையாடலே அங்கு முக்கியம் என்பது என் கருத்து.

சந்தை கலைந்த பின்னரும் உதவி தொடர வேண்டும். அதற்கெனத் தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம் செயல்படுகிறது. அதன் ‘டான்சீட்’ திட்டத்தில் தேர்வு பெறும் இளம் நிறுவனங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தொடக்க நிதி வழங்கப்பட்டுள்ளது. ஊரக வாழ்வாதாரம், பசுமைத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் ஈடுபடுவோர்க்கும், பெண்கள் தலைமையேற்ற நிறுவனங்களுக்கும் இது 15 லட்சம். பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் நடத்தும் நிறுவனங்களில் அரசே முதலீடு செய்வதற்கென 2022-23ஆம் ஆண்டில் 30 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நம் கிராமத்து இளைஞர்களில் பலர் இதனை அறியார்.

நிதி கிடைத்துவிட்டால் கருவி கிராமத்தில் நிலைத்துவிடுமா? இதற்கு நாம் தொலைதூரம் சென்று சான்று தேட வேண்டியதில்லை. நத்தத்திற்கு அண்மையில் உள்ள மேலூர் வட்டாரத்தில், 2001ஆம் ஆண்டின் இறுதியில், சென்னை ஐ.ஐ.டி.யின் முயற்சியுடன் ‘சாரி’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. தொலைபேசிக் கம்பிகூட எட்டாத ஊர்களுக்குக் கம்பியில்லா முறையில் இணைய வசதி கொண்டுவரப்பட்டது. சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கவும், கண் மருத்துவரின் ஆலோசனை பெறவும், பயிர் நோய்க்கு வேளாண் அறிஞர்களிடம் யோசனை கேட்கவும் கிராமத்திலேயே மையங்கள் எழுந்தன. வெளிநாட்டு அறிஞர்களும் வந்து வியந்த திட்டம் அது. ஆனால் தனியார் பொறுப்பில் நடந்த மையங்களில் மிகப் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள்ளாகவே மூடப்பட்டன. பின்னர் ஆராய்ந்தோர் கூறிய காரணங்கள் எளியவை: மையம் நடத்தியவருக்குப் போதிய வருமானம் இல்லை, பழுது ஏற்பட்டபோது உதவிக்கு ஆள் இல்லை, ஆதரித்த அதிகாரிகள் மாற்றலாகிச் சென்றதும் அரசுச் சேவைகளும் நின்றன. குறை கருவியில் இல்லை, கருவியைச் சுற்றியிருக்க வேண்டிய ஏற்பாட்டில்தான் என்பது இதனால் விளங்கும். மூன்றாவது காரணம் என் போன்ற உத்தியோகஸ்தர்களைப் பற்றியது; அதனை மறைத்துப் பயனில்லை.

மாறாக, எவருடைய பிரசாரமும் அதிகம் இன்றியே நம் சமவெளியில் பரவிய கருவியும் உண்டு. கைப்பேசி மூலம் பம்புசெட்டை இயக்கும் சாதனத்தையே குறிப்பிடுகிறேன். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் உழவர் பாம்புக்கு அஞ்சி வரப்பில் நடக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே அழைப்பு விடுத்து மோட்டாரை ஓட்டலாம், நிறுத்தலாம். பயன் அன்றிரவே தெரிந்தது. பழுது பார்ப்பவர் பக்கத்து ஊர்க் கடைவீதியில் இருந்தார். அது பரவியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஊராட்சிக் குடிநீருக்கு இன்று இதே முறையில் கருவிகள் வந்துள்ளன. மேல்நிலைத் தொட்டியில் பொருத்தப்படும் உணர்வி, நீர்மட்டத்தை அறிந்து சிம் அட்டை வழியே செய்தி அனுப்பும். தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானே நிற்கும். பல தொட்டிகளைக் கவனிக்கும் இயக்குநருக்கு அலைச்சல் குறையும், நீரும் மின்சாரமும் வீணாகா. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தச் சிம் அட்டைக்கு யார் பணம் கட்டுவது? ஊராட்சிக் கணக்கில் அதற்கு வழி செய்யாவிடில் கருவி குருடாகிவிடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் அது எத்தனை மழைக்காலம் தாங்கும்? நிறுவனத்தின் கணிப்பொறி எங்கோ ஒரு நகரில் இருக்க, அந்நிறுவனம் நாளை மூடப்பட்டால் நம் தொட்டியின் கருவி தனித்து இயங்குமா? கருவி காட்ட வரும் இளைஞரிடம் இவற்றைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. நல்ல முனைவோர் இக்கேள்விகளையே எதிர்பார்த்து வருவர். திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதில் கோளாறு நேர்ந்தால் அதனைத் திறந்து பார்க்க இவ்வூரிலேயே கைவினைஞர் உண்டு. புதிய கருவிக்கும் இத்தகைய ஒருவரை, நம் வட்டாரத்து ஐ.டி.ஐ. பயின்ற இளைஞரையோ இளம்பெண்ணையோ, பயிற்றுவித்துத் தருமாறு நிபந்தனை விதிக்கலாம்.

உழவர் தம் சர்வே எண், பயிர் விவரம், கைப்பேசி எண் ஆகியவற்றைக் கேட்கும் செயலிகளும் பெருகியுள்ளன. எதற்காக, யாரிடம் அவ்விவரம் செல்கிறது என்று கேட்டறிந்தே ஒப்புதல் தருக. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் மத்திய அரசு சட்டமே இயற்றியிருக்கிறது.

இனி ஊராட்சிகள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மாநாட்டில் கருவிகள் மிகுதி. அவை தீர்க்க வேண்டிய துன்பங்களை எடுத்துரைப்போர் குறைவு. பட்டறையில் அழுகும் சின்ன வெங்காயம், நிலக்கோட்டையில் காலையில் ஒரு விலையும் உச்சியில் ஒரு விலையுமாக விற்கும் மல்லிகை, ஆள் கிடைக்காத களையெடுப்பு ஆகியவற்றை எத்தனை ஏக்கர், எவ்வளவு இழப்பு, எந்த மாதம் என்னும் விவரங்களுடன் எழுதி வைத்தால், அதுவே இளம் பொறியாளருக்கு நல்ல தொடக்கமாகும். நமது மாவட்டத்தில் 306 கிராம ஊராட்சிகள் உள்ளன. கிராம சபைக் கூட்டம் ஒன்றில் இத்தகைய பிரச்சினை ஒன்றையேனும் தெரிந்தெடுத்து, சோதனைக்கு இடம் தரும் உழவர்களின் சம்மதத்துடன் பதிவு செய்யலாம். காந்திகிராம ஊரகப் பல்கலைக்கழகம் நம் மாவட்டத்திலேயே இருப்பது பேருதவி. அதன் ஆசிரியர்களின் ஆலோசனையையும் நாடலாம். புத்தொழில் இயக்கத்தின் வட்டார மையம் மதுரையில் உள்ளது. தொழில் தொடங்க விரும்பும் கிராமத்து இளைஞர்கள், தாங்கள் செய்த மாதிரிப் பொருளையும் செலவுக் கணக்கையும் எடுத்துச் சென்று அங்கு நேரில் விசாரிக்கலாம்.