பைன் பலகையில் ஓக் ரேகை

மலிவான பைன் பலகையை வண்ணத்தாலேயே ஓக் மரமாகவோ மகாகனியாகவோ தோன்றச் செய்யும் கிரெய்னிங் என்ற கைவினை, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வீட்டுக் கதவு, சுவர்ப்பலகை, மாடிப்படி என எங்கும் பரவியிருந்தது. ஒரு பொருளை வேறொரு பொருளாகக் காட்டும் பூச்சுகளைக் கட்டடக்கலையின் ஏமாற்று வேலைகளுள் ஒன்றாகக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1849-இல் சாடினார். இரண்டே ஆண்டுகளில், 1851-ஆம் ஆண்டின் லண்டன் மாபெரும் பொருட்காட்சியில், லங்காஷயரைச் சேர்ந்த தாமஸ் கெர்ஷா அதே வேலைக்காகப் பதக்கம் பெற்றார். ரஸ்கினின் அறச்சீற்றம் ஒருபுறம் இருக்க, மரத்தின் உள்ளமைப்பை அறியாதவரால் செய்யவே முடியாத ஏமாற்று இது.

மரம் ஆண்டுதோறும் பழைய தண்டின்மேல் புதிய உறையொன்றை வளர்த்துக்கொள்கிறது. தண்டு மேலே செல்லச்செல்லச் சிறுப்பதால், இவ்வுறைகள் ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்த கூம்புகளைப்போல அமைகின்றன. குறுக்கே அறுத்தால் வட்டங்கள் தெரியும்; மையத்தை விட்டு விலகி நெடுக்காக அறுத்தால், கூம்பை அதன் அச்சுக்கு இணையான தளம் வெட்டும்போது கிடைக்கும் அதிபரவளையங்கள், அதாவது பலகையில் கூர்கோபுரம்போல் அடுக்கடுக்காக எழும் வரிகள், வெளிப்படும். மையத்தின் வழியே அறுத்தால் ஏறத்தாழ நேர்கோடுகளே மிஞ்சும்.

இந்த வடிவியலைக் கைவினைஞர் ராக்கர் என்னும் ரப்பர் கருவியால் மீட்டெடுக்கிறார். அதன் வளைந்த முகத்தில் அரைவட்ட வரிகள் செதுக்கப்பட்டிருக்கும். ஈரப்பூச்சின்மேல் அதை இழுத்தபடியே மெல்லச் சாய்க்கும்போது, முகத்தின் வெவ்வேறு பகுதிகள் முறைமுறையாகப் பரப்பைத் தொடுவதால், அரைவட்டங்கள் நீண்டு கோபுர வரிகளாகின்றன. விரைவாகச் சாய்த்தால் கணு தோன்றும். சாய்க்காமல் இழுத்தால் நேர்வரி விழும்.

ஆயினும் கருவியைவிடப் பூச்சின் குணமே கடினமான பகுதி. காய்ந்த வெளிர்நிற அடிப்பூச்சின்மேல் ஆளிவிதை எண்ணெயும் பழுப்பு நிறமிகளும் கலந்த ஸ்கம்பிள் என்னும் ஒளி ஊடுருவும் மேற்பூச்சு தடவப்படுகிறது. உட்புகும் ஒளி அடிப்பூச்சில் பட்டுத் திரும்புகையில் மேற்பூச்சை இருமுறை கடப்பதால், ஒற்றைப் பூச்சில் கிட்டாத ஆழம் கிடைக்கிறது. சாதாரண வண்ணத்தில் பரப்பு இழுவிசை தூரிகைத் தடங்களைச் சமன்செய்துவிடும். ஸ்கம்பிளோ தடத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்க வேண்டும், அதே வேளையில் வேலை முடியும்வரை காயவும் கூடாது. எண்ணெய் ஆவியாகாமல், காற்றின் ஆக்சிஜனை ஏற்று மெதுவாக இறுகுவதால் அந்த அவகாசம் வாய்க்கிறது. தடம் கலையாதிருக்கப் பழைய கைவினைஞர்கள் தேன்மெழுகும் சேர்த்தனர். எண்ணெய்க்குப் பதிலாக நீரில் கலந்த பூச்சில் நிறமியைப் பிடித்துவைக்கப் பீர் பயன்பட்டது என்பது வேடிக்கையாகத் தோன்றினாலும், அதிலுள்ள மாவுச்சர்க்கரைகள் மென்மையான பசையாகச் செயல்படுகின்றன.

எனினும் ஒன்று மட்டும் எளிதில் பிடிபடுவதில்லை. உண்மை மரத்தின் இழைகள் பல கோணங்களில் சாய்ந்திருப்பதால், பார்ப்பவர் நகரும்போது பலகையின் பளபளப்பும் இடம் மாறுகிறது. வண்ணத்தில் வரைந்த ரேகையோ எங்கிருந்து பார்த்தாலும் வரைந்த இடத்திலேயே நிற்கிறது.