கரண்ட் போனால் எது போகும், எது இருக்கும்?

2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. கரண்ட் போவதற்குப் புயல்தான் வர வேண்டும் என்பதில்லை. செங்கல்பட்டில் பத்திரம் அடிக்கும் கடையில் நான்காம் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது, யு.பி.எஸ். இல்லை என்று வைத்துக்கொள்வோம். சேவ் செய்த மூன்று பக்கமும் இருக்கும். மென்பொருள் தானாக நகல் எடுத்திருந்தாலொழிய நான்காவது போனதுதான். ஒரே கணினிக்குள் ஏன் இந்த ஓரவஞ்சனை?

அடிக்கும் எழுத்து முதலில் போய் உட்காருவது ரேம் என்ற நினைவகத்தில். அதில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நுண்ணிய மின்தேக்கி, அதற்குக் கதவுபோல ஒரு டிரான்சிஸ்டர். மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையென்றால் 0. ஆனால் அந்த மின்தேக்கி ஓட்டைக் குடம், ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே வழக்கமாக 64 மில்லிவினாடிக்குள் ஒவ்வொரு பிட்டையும் படித்துத் திரும்ப நிரப்புகிறார்கள், அதாவது வினாடிக்குப் பதினைந்து தடவைக்குமேல். கரண்ட் நின்றால் நிரப்புவதும் நிற்கும். ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்டுக்கு 1966இல் தோன்றிய யோசனை, இந்த மின்தேக்கி-டிரான்சிஸ்டர் ஜோடி; 1968இல் காப்புரிமை கிடைத்தது. இன்றைய ரேமும் அடிப்படையில் அதேதான்.

பிராசசருக்குள் இருக்கும் கேஷ் நினைவகம் வேறு ரகம். பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர், ஒழுகாது, வேகமும் அதிகம். இடமும் விலையும் கூடுதல் என்பதால் கொஞ்சமாகத்தான் வைப்பார்கள். கரண்ட் போனால் அதுவும் காலி.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சிலிக்கான் சில்லுகளுக்கு முந்தைய நினைவகத்துக்கு இந்த மறதி கிடையாது. 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370/155இன் பிரதான நினைவகம், மெல்லிய கம்பிகளில் கோத்த பொடிப்பொடி ஃபெரைட் வளையங்கள். வளையம் எந்தத் திசையில் காந்தமானதோ அதுவே பிட். கரண்ட் போனாலும் காந்தம் போகாது. கோப்பது பெரும்பாடு, இடமும் அடைக்கும். சிலிக்கான் மலிவாகக் கிடைத்ததும் உலகம் அதன் மறதியைப் பொறுத்துக்கொண்டது. நல்ல பேரம் என்றே நினைக்கிறேன்.

மறக்காத வேலை ஹார்ட் டிஸ்குக்கும் ஃபிளாஷுக்கும் போனது; சேவ் செய்த மூன்று பக்கமும் தங்கியது அங்கேதான். ஹார்ட் டிஸ்க் சுழலும் காந்தத் தட்டு. ஃபிளாஷ், தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா 1984இல் உலகுக்குச் சொன்னது. கோவளம் கடற்கரையிலிருந்து கடலுக்குப் போகிறவர் மீன் கிடைக்கும் கடலடிப் பாறைத்திட்டை ஜி.பி.எஸ். கருவியில் குறித்துவைத்தால், பேட்டரியைக் கழற்றி மாற்றினாலும் உள்ளிருக்கும் ஃபிளாஷில் குறி அப்படியே இருக்கும். எலக்ட்ரான்களை மின்காப்புச் சுவருக்குள் தள்ளி அடைத்துவிடுகிறார்கள், அதுதான் சூட்சுமம். ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அந்தச் சுவர் கொஞ்சம் தேயும். ரேம் அளவுக்கு வேகமும் கிடையாது. மெமரி கார்டு, பென் டிரைவ், எஸ்.எஸ்.டி. எல்லாம் இந்த ஜாதிதான்.

செல்போன் பெட்டியில் 8 ஜிபி, 128 ஜிபி என்று போட்டிருந்தால் முன்னது ரேம், பின்னது ஃபிளாஷ். போட்டோக்களை அழித்தால் பின்னதில்தான் இடம் கிடைக்கும்.

சொத்துப் பத்திரத்தை ஸ்கேன் செய்து பென் டிரைவில் போட்டு பீரோவில் பூட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கரண்டே காணாமல் வருடக்கணக்கில் கிடந்தால் ஃபிளாஷிலும் மின்னூட்டம் மெல்லக் கசியும். இன்னொரு நகலை ஹார்ட் டிஸ்கில், வேறொரு வீட்டில் வைத்துவிடுங்கள்.