கடலடியில் ஒரு கடன் கணக்கு

இலக்கியத் தொடரில் வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சினிமாவைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். கதை இருக்கிறது, பாத்திரங்கள் இருக்கின்றன, எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஆகவே விமர்சிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

நான் எடுத்துக்கொண்டவை ‘சப்நோட்டிக்கா’வும் அதன் தொடர்ச்சியான ‘பிலோ ஸீரோ’வும். அமெரிக்காவின் அன்நோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் ஆக்கியவை. முன்னது 2018 ஜனவரியிலும் பின்னது 2021 மே மாதத்திலும் பூரண வடிவம் பெற்றன. ஐயாயிரம் அடி உயரத்தில், நானுஓயாவில் இருந்துகொண்டு கடலடி விளையாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. அதற்கு முடிவுகளையும் சொல்லியாக வேண்டும். இனிமேல் விளையாட இருப்பவர்கள் மன்னிக்கவும்.

முதல் விளையாட்டின் நாயகன் ரைலி ரொபின்சன், அல்ட்டெரா என்ற பெருங் கம்பனியின் ஊழியன். கம்பனியின் விண்கப்பல் கடல் மூடிய ஒரு கிரகத்தில் விழுந்து நொறுங்க, இவன் மாத்திரம் ஓர் உயிர்காப்புக் கூண்டில் தப்புகிறான். ஆரம்பத்தில் அவனால் மூச்சுப் பிடிக்கக்கூடியது 45 விநாடி. மீன் பிடித்துத் தின்று, உப்பை அகற்றிக் குடிநீர் ஆக்கி, தாதுக்களைப் பொறுக்கிக் கருவிகள் செய்து, ஆயிரம் மீற்றருக்கும் கீழே போக வேண்டும். இடையில் அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவனோடு பேசுபவை செத்தவர்களின் ஒலிப்பதிவுகளும் கையிலுள்ள சிறு கணினியுந்தான்.

அவனுக்கு முன்பே வந்து விழுந்த வேறொரு கப்பலின் ஆட்கள் கட்டிய வீடுகள் ஆழத்தில் சிதைந்து கிடக்கின்றன. வரட்சியில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வற்றும்போது, பழைய மஸ்கெலியாவின் கோயில் சேற்றோடு தலைகாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வீடுகளுக்குள் நீந்துவது எப்படி இருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

மீட்கவென்று ஒரு கப்பல் வருகிறது. வரும் நேரத்தையும் சொல்லிவிடுகிறார்கள். தீவில் ஏறிக் காத்து நிற்கிறோம். வானத்தில் அது தெரிந்த கணத்தில், அந்தக் கிரகத்தில் முன்னோர் இனமொன்று விட்டுப்போன பீரங்கி அதைச் சுட்டு வீழ்த்துகிறது. ஆறுதல் சொல்ல ஒரு பாத்திரமும் இல்லை. திரும்பவும் தண்ணீருக்குள் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. நல்ல சிறுகதையாசிரியன் எழுதாமல் விடும் இடம் இது.

இன்னொன்று. இதில் கொல்லும் துப்பாக்கி கிடையாது. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பாடசாலையில் 20 சிறுவர்களும் 6 பெரியவர்களும் சுட்டுக்கொல்லப்பட்டதன் பின் எடுத்த தீர்மானம் அது என்று விளையாட்டின் இயக்குநர் சார்லி கிளீவ்லாண்ட் கூறியிருக்கிறார். ஆகவே பயம் பயமாகவே நிற்கிறது. சுட்டுத் தீர்க்க முடியாது.

இத்தனையும் கடந்து ரைலி தானே ஒரு ரொக்கெட் கட்டி வீடு திரும்புகிறான். அப்போது கம்பனியின் குரல் வருகிறது: நிலுவையைக் கட்டினால்தான் தரையிறங்க அனுமதி. நிலுவை எவ்வளவு? ஒரு ட்ரில்லியன், நம் கணக்கில் இலட்சம் கோடி. உயிர் தப்பப் பொறுக்கிய செம்பும் தங்கமும் அவன் பேரில் பற்று எழுதப்பட்டிருக்கின்றன.

உலகெங்கும் விளையாடியவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1921 வரை இந்த மலைகளில் ‘துண்டு’ என்றொரு கடதாசி இருந்தது. இந்தத் தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுப்பது. கப்பலில் வந்த செலவு, அரிசிச் செலவு எல்லாம் கடனாக ஏறும். அதைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் ஆள் போகலாம். போன இடத்திலும் அதே கடன் தலையில் நிற்கும். ரைலிக்கு வந்தது அந்தத் துண்டுதான்.

தொடர்ச்சிக்கு வருவோம். ‘பிலோ ஸீரோ’வின் நாயகி ரொபின் ஆயு. அவளுடைய சகோதரி சாம் அதே கிரகத்தில் கம்பனி வேலையில் இருந்தபோது இறந்துவிட்டாள். அவளுடைய கவனயீனமே காரணம் என்கிறது கம்பனி. நம்ப மறுத்து ரொபின் தனியே வந்து இறங்குகிறாள். முதற் கதையின் அந்தக் கடைசிப் பகிடியைவிட இது எத்தனையோ கனமான கரு. தோட்டத்தில் ஒரு விபத்து என்றால் முதலில் வரும் சொல் எது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

ஆனால் கருவுக்கு ஏற்ற கனம் சொல்முறையில் இல்லை. ரொபின் பேசுகிறாள். அவள் தலைக்குள் குடியேறிய முன்னோர் இனத்து அல்-ஆனும் பேசுகிறான். சம்பாஷணை சில இடங்களில் இரசிக்கத்தக்கது என்றாலும், பேச்சுத் துணை வந்தவுடன் கடலின் தனிமை போய்விடுகிறது. உலகம் சிறியது, ஆழம் குறைவு, பாதிக் கதை பனித்தரையில் நடக்கிறது. முதற் கதையில் இறந்துவிட்டதாக நாம் எண்ணிய மார்கரிட் உயிரோடு வந்து, தப்பிய கதையைத் தானே சொல்கிறாள். சுவையான பாத்திரம், ஆனால் அந்தப் பழைய ஒலிப்பதிவின் அச்சம் அதோடு தீர்ந்தது. பனிக்கடலின் அழகும் குளிரைச் சமாளிக்கும் பாடும் மாத்திரம் முன்னதிலும் மேல் என்பேன்.

கதையையும் இடைவழியில் மாற்றி எழுதினார்கள். முற்றுப்பெறாத முதல் வடிவில் சாம் உயிரோடு இருந்து, விண்நிலையத்திலிருந்து ரொபினோடு பேசினாள். அந்தத் தடுமாற்றம் இறுதி வடிவிலும் தெரிகிறது. கதையின் பிரதான இழை அல்-ஆனுக்கு உடல் தேடுவதாகிவிட்டது. உறைந்து கிடக்கும் இராட்சதப் பிராணியிலிருந்த கொடிய நோய்க்கிருமியைக் கம்பனி தனக்குப் பயன்படுத்தாமல் தடுக்க முயன்றே சாம் இறந்தாள் என்ற உண்மை ஒரு கிளைக்கதையாக ஒதுங்கிவிட்டது. அதைத் தேடாமலே விளையாட்டை முடித்து, அல்-ஆனோடு வேறு கிரகத்துக்குப் போய்விடலாம். கம்பனியின் அறிக்கை அப்படியே நிற்கும். விளையாட்டு அதற்காக நம்மைத் தடுத்து நிறுத்தாது.

ஆகவே இதை விளையாடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அல்-ஆனின் வேலை காத்திருக்கட்டும். முதலில் பனிக்குள் நடந்து அந்த உறைந்த பிராணியின் குகைக்குப் போங்கள்.